மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்

போன மாதம் முன்பின் தெரியாத ஒருவருக்கு நான் கரன்ட் பில் கட்டினேன். தர்ம சிந்தனையெல்லாம் ஒன்றுமில்லை. இணைப்பு எண்ணைப் போனில் தட்டும்போது 38 என்பதை 83 என்று தட்டிவிட்டேன். 1,840 ரூபாய் என்று வந்தது. அட, இந்தத் தடவை இவ்வளவு குறைவா என்று பூரித்துப்போய் உடனே கட்டினேன். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதும் திரையில் கொட்டை எழுத்தில் வந்திருக்கத்தான் வேண்டும். நான் தொகையை மட்டும் படித்தேன். பத்து நாள் கழித்து எங்கள் வீட்டு ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்து நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"உங்களுக்கும் நம்பருக்கும் ஆகவே ஆகாதுங்க" என்றாள் மனைவி.

நான் பி.எஸ்ஸி. கணிதம். இரண்டாம் வகுப்புதான், இருந்தாலும் கணிதம். அந்த நேரம் பார்த்து மாமனார் வேறு கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். ஜவுளிக்கடையில் முப்பத்தெட்டு வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பேரேட்டில் பத்துப் பைசா உதைத்தால் ராத்திரிச் சாப்பாடு இறங்காத ஜாதி. "விடும்மா, மாப்பிள்ளை பெரிய படிப்புப் படிச்சவர். அவங்களுக்கெல்லாம் சின்ன நம்பர் பிடிபடாது" என்று எனக்காகப் பரிந்து பேசினார். பரிந்துதான் பேசினாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சின்ன நம்பர் பிடிபடாதென்றால் பெரிய நம்பரைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்தேன். பிடித்த எண் இது: 147573952589676412927. இருபத்தோரு இலக்கம். நம் வழக்கில் சொன்னால் சுமார் பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி. சமைக்கும் விதம் சுலபம். ஒன்றில் ஆரம்பித்து இரட்டித்துக்கொண்டே போக வேண்டும்: 2, 4, 8, 16 என்று. அறுபத்தேழாவது இரட்டிப்பில் நின்று, வந்ததில் ஒன்றைக் கழித்தால் இந்த எண்.

உலகத்தில் இத்தனை எண் இருக்க இதை ஏன் பிடித்தேன் என்றால், இதற்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு பழைய தொடுப்பு இருக்கிறது. சீலிங் ஃபேன் துடைக்கச் சொல்லி வாராவாரம் ஸ்டூலைக் கொண்டுவந்து போடும் வீட்டில், ஞாயிற்றுக்கிழமையை வேறெதற்காவது செலவிட்ட மனிதர் யாராக இருந்தாலும் அவர் எனக்குக் குலதெய்வம்.

கதை பாரிஸில் ஆரம்பிக்கிறது. மரின் மெர்சென் என்று ஒரு கிறிஸ்தவத் துறவி. ஐரோப்பாவில் இருந்த அறிஞர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சேர்ப்பித்த மனிதர். 1644-இல் ஒரு புத்தகத்தில், 2-ஐ இத்தனை தடவை பெருக்கி ஒன்று கழித்தால் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் போட்டார். பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாதது. பட்டியல்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. பட்டியலின் கடைசியில் உள்ள கணக்கெல்லாம் அப்போது யாராலும் போட்டுப் பார்க்கக்கூடிய அளவில் இல்லை. போட்டுப் பார்த்து முடிக்க முந்நூறு வருஷம் ஆயிற்று. முடித்துப் பார்த்தால், சேர்க்கக்கூடாத இரண்டைச் சேர்த்திருக்கிறார்: 67, 257. சேர்க்கவேண்டிய மூன்றை விட்டிருக்கிறார்: 61, 89, 107.

இதைப் படித்ததும் எனக்கு அந்தத் துறவியின் மேல் சொல்லமுடியாத பாசம் வந்தது. மளிகைக் கடைக்கு என்னை அனுப்பினால் நான் செய்வதும் அச்சு அசலாக இதுதான். சீட்டில் இல்லாத இரண்டை வாங்கி வருவேன், இருக்கிற மூன்றை விட்டு வருவேன். 61 என்று மெர்சென் மனதில் நினைத்தது அச்சில் 67 ஆகியிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. என் கையெழுத்திலும் ஒன்றும் ஏழும் ஒரே சாயல்தான். மனைவியிடம் அதைச் சொல்லி நான் ஒருநாளும் தப்பித்ததில்லை.

ஆக 67 அந்தப் பட்டியலில் இரண்டே கால் நூற்றாண்டுக்கு மேல் கெத்தாக உட்கார்ந்திருந்தது. 1876-இல் எடுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் வந்து, 'இது பகா எண் இல்லை' என்று நிரூபித்தார். வேடிக்கை என்னவென்றால், எந்த எண்ணால் வகுபடும் என்று அவர் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. வகுபடும் என்பது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதி. இதெப்படி முடியும் என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டு முறுக்கு டப்பாவைப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் மனைவி டப்பாவைக் கையில் தூக்கி எடை பார்த்தே சொல்லிவிடுவாள், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று. யார் என்பது தனி விசாரணை. (லூக்காவுக்கு நேர்ந்த முடிவு பரிதாபமானது. 1891-இல் ஒரு விருந்தில் பரிமாறுகிறவர் தட்டுகளைத் தவறவிட, தெறித்த சில்லு கன்னத்தைக் கிழித்து, அது சீழ்பிடித்துச் சில நாளில் போய்ச்சேர்ந்தார். இதைப் படித்த நாள் முதல் பாத்திரம் தேய்க்கும் வேலையை நான் இன்னும் ஜாக்கிரதையாகத் தவிர்த்துவருகிறேன்.)

யார் அந்த முறுக்குத் திருடன் என்பது மேலும் இருபத்தேழு வருஷம் தெரியவில்லை. 1903 அக்டோபர், நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் பேசவேண்டிய முறை. எழுந்து போனார். கரும்பலகையில் 2-ஐ 67 அடுக்குக்குக் கையாலேயே பெருக்கினார், ஒன்றைக் கழித்தார். பலகையின் இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்து 193707721 என்று எழுதி, பக்கத்தில் 761838257287 என்று எழுதி, இரண்டையும் பெருக்கினார். இரண்டு பக்கமும் ஒரே விடை. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சபை கைதட்டியதாம். கணிதவியலாளர் எரிக் டெம்பிள் பெல் எழுதிவைத்த கதை இது. பெல் கொஞ்சம் ஜோடித்துச் சொல்லக்கூடியவர் என்று பெயர். ஆனால் அந்த இரண்டு எண்களும் ஜோடனை இல்லை. கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆயிற்று என்று பின்னால் பெல் கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

நூற்றைம்பத்தாறு ஞாயிறு! ஃபிராங்க் கோல் வீட்டில் ஃபேன் இருந்ததா, ஸ்டூல் இருந்ததா, அதைப் பிடித்துக்கொண்டு யாராவது நின்றார்களா என்பதைப் பற்றியெல்லாம் பெல் மூச்சுவிடவில்லை.

முதல் ஞாயிறு நானும் கோல் வழியே போய்ப் பார்த்தேன். அதாவது அந்தக் காரணியை நானே தேடுவது என்று. எல்லா எண்ணையும் போட்டு வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்பது இந்த ரக எண்களில் ஒரு சௌகரியம். 67 என்ற அடுக்கு பகா எண்ணாக இருப்பதால், காரணி எதுவாக இருந்தாலும் 134-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்கும். அதோடு, 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மிஞ்ச வேண்டும். இட்லி வரும்வரை வடிகட்டினேன். 135 ஐந்தில் போயிற்று. 537 மூன்றில் போயிற்று. 671 என்பது 11 பெருக்கல் 61. 1073 என்பது 29 பெருக்கல் 37, இது கொஞ்சம் அழுத்தக்காரன். 1207 என்பது 17 பெருக்கல் 71. ஆறாவதாக வந்த 1609-தான் உருப்படியான முதல் ஆள், அசல் பகா எண். அதைக் கொண்டு இருபத்தோரு இலக்கத்தையும் வகுத்தேன். இட்லி ஆறி, சட்னி ஓரம் காய்ந்து, இரண்டாவது காபியும் வந்து போன பிறகு மீதி 249 வந்தது. ஆள் இவன் இல்லை.

கோலின் எண் இந்த வரிசையில் எத்தனையாவது என்று அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம். 193707721 என்பது 134-ஐ 14,45,580-ஆல் பெருக்கி ஒன்று கூட்டினால் வருவது. சல்லடை போட்டு 3, 5, 7-இல் போகிறவற்றைத் தள்ளினாலும் வழியில் மூன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கு ஒருவர் என்று விசாரித்தால் ஆறாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். கோல் இப்படி வரிசையில் நின்றவர் இல்லை. இருபடி எச்சங்களை வைத்து, இந்தச் சந்தில் இருக்க முடியாது, அந்தச் சந்தில் இருக்க முடியாது என்று ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போனவர். மூன்று வருஷத்தில் முடித்தது கெட்டிக்காரத்தனம் என்பது இட்லி ஆறின பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே தேடும் பதவியிலிருந்து சரிபார்க்கும் பதவிக்கு என்னை நானே இறக்கிக்கொண்டேன். எனக்கு அது பழகின பதவிதான். எங்கள் வீட்டில் வண்டிச் சாவியைத் தேடிக் கண்டுபிடிப்பவள் மனைவி. "ஆமாம், இதுதான்" என்று உறுதிசெய்பவன் நான். தேடுவதற்கும் சரிபார்ப்பதற்கும் உள்ள இந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் ரகசியப் பூட்டு ஒன்று செய்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கினதைப் பிரிப்பது மகா கஷ்டம் என்பதே பூட்டின் சூட்சுமம். 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டு, பிரித்துக் காட்டினால் 100 டாலர் என்று சவாலும் விட்டார்கள். சுமார் 600 பேர் இணையம் வழியாகக் கூடித் தங்கள் கணினிகளை ஓடவிட்டு 1994-இல்தான் பிரித்தார்கள். இன்றைக்குப் போனில் பணம் கட்டும்போது நடுவழியில் எவனும் கை வைக்காமல் காப்பதில் இந்த யோசனைக்குப் பங்கு உண்டு. ஆனால் 38-ஐ 83 என்று நானே தட்டினால் பாவம், அது என்ன செய்யும்?

இரண்டாவது ஞாயிறு பெருக்கலில் இறங்கினேன். மனைவி உழவர் சந்தைக்குப் போயிருந்தாள். இவ்வளவு இலக்கத்துக்கு நோட்டுப் புத்தகத்து அகலம் போதாது. ஹாலில் தொங்கிய பெரிய மாதக் காலண்டரில், முடிந்துபோன மாதத்துத் தாள் சும்மாதானே மடங்கிக் கிடக்கிறது என்று கிழித்தேன். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. சாப்பாட்டு மேஜையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தேன்.

இடது பக்கம் இரட்டிப்பு. பத்தாவதில் 1024, இருபதாவதில் 1048576, இப்படித் தாவி 67-ஐத் தொட்டு ஒன்று கழித்தேன். வலது பக்கம் 761838257287-ஐ 193707721-ஆல் பெருக்க வேண்டும். இதிலும் ஒரு சௌகரியம். பெருக்கும் எண்ணில் 7 மூன்று இடத்தில் வருகிறது, 1 இரண்டு இடத்தில், பூஜ்யம் ஒன்று. ஆகவே 2, 3, 7, 9 ஆகிய நாலு வாய்ப்பாடு தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் பெயர்த்தெழுதுவதுதான். ஏழாம் வாய்ப்பாட்டு வரியை ஒரு துண்டுச் சீட்டில் போட்டு, பிறகு தாளில் எழுதி, அதைப் பார்த்து மற்ற இரண்டு இடத்திலும் இறக்கினேன். மொத்தம் எட்டு வரி. கூட்டினேன்.

இடது பக்கம் 147573952589676412927. வலது பக்கம் 147573953499576412927.

முதல் எட்டு இலக்கமும் கடைசி எட்டு இலக்கமும் அச்சாக ஒன்று, நடுவில் மட்டும் உதைக்கிறது.

மாமனார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். "ஒன்பதைத் தள்ளிப் பாருங்க மாப்பிள்ளை" என்றார். அவர் கடையில் பெரிய பெருக்கலையெல்லாம் அப்படித்தான் சோதிப்பார்களாம். இலக்கங்களையெல்லாம் கூட்டி, வந்ததையும் கூட்டி, ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருவது. 193707721-இன் இலக்கங்களைக் கூட்டினால் 37, அதாவது 10, அதாவது 1. 761838257287-க்கு 64, அதுவும் 10, அதுவும் 1. ஒன்றும் ஒன்றும் பெருக்கினால் ஒன்று. விடையும் ஒன்றுக்கு வரவேண்டும். இடது பக்கத்தைக் கூட்டினார்: 109, அதாவது 1. வலது பக்கத்தைக் கூட்டினார்: அதுவும் 109!

"ரெண்டு கணக்குமே சரியா இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பர் படிக்கப் போய்விட்டார். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு சரியான கணக்குகளோடு நான் தனியாக நின்றேன்.

ஒன்பதுக்குப் பிடிபடாததைப் பதினொன்று பிடிக்கும் என்பது பி.எஸ்ஸி. நாள் ஞாபகம். வலக்கோடியிலிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மறுபடி கூட்டி, மறுபடி கழித்து என்று போகவேண்டும். 193707721-க்குக் கழித்தல் 13 வந்தது. இரண்டு பதினொன்று கூட்டினால் 9. மற்றதற்கு 8. எட்டொன்பது எழுபத்திரண்டில் ஆறு பதினொன்று போக 6. ஆகவே சரியான விடைக்கு 6 வரவேண்டும். இடது பக்கத்துக்கு 17 வந்தது, பதினொன்று போக 6. வலது பக்கத்துக்கு 19 வந்தது, பதினொன்று போக 8. ஆகப் பெருக்கல் தப்பு. எங்கே தப்பு? அதைப் பதினொன்று சொல்லாது. நான் இப்போது லூக்கா நின்ற அதே இடத்தில் நின்றேன். முறுக்கு போயிருப்பது நிச்சயம், கை யாருடையது என்றுதான் தெரியவில்லை. எட்டு வரியிலும் நூற்றுச் சொச்சம் இலக்கம்.

மனைவி சந்தையிலிருந்து வந்து கத்தரிக்காய்ப் பையை மேஜையோரம் வைத்தாள். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள்.

"ஏங்க, இந்த மூணு வரியும் ஒண்ணுதானே?"

"ஆமாம், ஏழால் பெருக்கினது."

"அப்ப அது தப்புன்னா மூணும் தப்பாகும்ல?" என்றவள் விரலை வலக்கோடியில் வைத்து முணுமுணுக்க ஆரம்பித்தாள். "ஏழேழு நாப்பத்தொம்போது, ஒம்போது, கையில நாலு. எட்டேழு அம்பத்தாறும் நாலும் அறுபது, பூஜ்யம், கையில ஆறு..." விரல் இடது பக்கமாக நகர்ந்துகொண்டே போயிற்று. ஏழாவது இலக்கத்தில் நின்றது. "எட்டேழு அம்பத்தாறும் ஒண்ணும் அம்பத்தேழு. இங்க ஏழு வரணும், ஆறு போட்டிருக்கீங்க. அடுத்ததுல ஆறு வரணும், ஏழு போட்டிருக்கீங்க."

துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் சரியாக 5332867801009. தாளில் மூன்று இடத்திலும் 5332876801009. இரண்டு வாரமாக எந்த எண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறேனோ, அந்த 67-ஐயே 76 என்று பெயர்த்திருக்கிறேன். ஒன்பது ஏன் விட்டுவிட்டது என்றும் அப்போதுதான் புரிந்தது. இலக்கங்களை இடம் மாற்றினால் கூட்டுத்தொகை மாறுமா? எந்த இரண்டு இலக்கத்தைத் திருப்பிப் போட்டாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகவே வரும். மாமனாரின் சோதனை என்னைப்போன்ற ஆளுக்காக ஏற்பட்டதில்லை.

"கரன்ட் பில்லுல பண்ணினீங்களே, அதேதான்" என்று சொல்லிவிட்டு அவள் கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மொத்தம் இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

வாரம் முழுக்க அந்தத் தாளில் அடித்துத் திருத்தி, இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தது. வந்ததும் எனக்கு ஓர் ஆசை. கோல் செய்ததுபோல் ஒரு தடவை சபையில் நிற்கவேண்டும். சனி ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு மைதா மாவில் பசை காய்ச்சி, ஒரு சுருக்கம் விழாமல் தாளை ஹால் பீரோ கதவில் ஒட்டினேன். விடிந்தால் மூன்றாவது ஞாயிறு, பத்தாம் தேதி.

காலையில் மாமனாரையும் மகளையும் சோபாவில் உட்காரவைத்தேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றாள். நான் எதுவும் பேசவில்லை. ஸ்கேலால் இடது பக்கத்து இரட்டிப்பைத் தொட்டுக் காட்டினேன். வலது பக்கம் நகர்ந்து எட்டு வரியையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அடியில் இரண்டு விடையையும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். திரும்பி நின்றேன். குக்கர் மூன்று விசில் அடித்தது. மகள் போனில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பிரிச்சுக் கொடுத்துடுச்சுப்பா, அதே ரெண்டு நம்பர்தான்" என்றாள். மாமனார் மட்டும் கைதட்டலாமா என்று யோசிப்பதுபோல் இரண்டு கையையும் தூக்கினார்.

அப்போது வாசலில் மணி அடித்தது. பால்காரர். பத்தாம் தேதி பணம் வாங்க வருவார்.

"இருங்கண்ணே, கணக்குப் பார்த்துட்டு வரேன்" என்றபடி மனைவி காலண்டர் பக்கம் போனாள். ஒரு தாளைப் புரட்டினாள். இன்னொரு தாளைப் புரட்டினாள்.

"ஏங்க, போன மாசத் தாள் எங்க? எக்ஸ்ட்ரா பால் வாங்கின தேதியெல்லாம் அதுலதானே குறிச்சு வச்சிருந்தேன்?"

ஸ்கேலை பீரோ மேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தேன்.